காலையில் தாலி, மாலையில் சிந்தூர்

கேள்வி: எங்களுக்குத் தஞ்சாவூர். மகள் தன்னோடு வேலை பார்க்கும் கொல்கத்தாப் பையனை விரும்புகிறாள். இரண்டு வீட்டிலும் சம்மதம். இங்கே மண்டபம் பார்த்துக் கல்யாணம் செய்வதாகப் பேச்சு. ஆவணியில் நாள் குறித்துச் சொன்னோம், அவர்கள் கூடாது என்றுவிட்டார்கள். கல்யாணம் ராத்திரியில்தான் நடக்கும் என்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா கல்யாணத்துக்கே வரமாட்டாராம். சீரோடு ஒரு முழு மீன் கொண்டு வருவார்களாம். தாலி என்பதே அவர்களுக்குக் கிடையாது. இரண்டு கல்யாணமாக நடத்துவதா, ஒன்றாக நடத்துவதா? எதை விடுவது, எதைப் பிடித்துக்கொள்வது?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

முதலில் மாதத்தைத் தீர்த்துவிடலாம். ஆவணியை அவர்கள் மறுத்தது உங்களை மறுத்தது ஆகாது. வங்காளப் பஞ்சாங்கமும் நம்முடையதைப் போலவே சூரிய மாதக் கணக்கு. நம் சித்திரை அவர்களுக்கு வைசாகம். அப்படியே ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பாருங்கள். நம் ஆவணி அவர்களுடைய பாத்ரம், புரட்டாசி ஆச்வினம், ஐப்பசி கார்த்திகம், மார்கழி பௌஷம், பங்குனி சைத்ரம். இந்த ஐந்து மாதங்களிலும் அவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. நாம் தள்ளும் ஆடி அவர்களுக்குச் சிராவணம், நல்ல மாதம். ஆக இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது சித்திரை, வைகாசி, ஆனி, கார்த்திகை, தை, மாசி என்று ஆறு மாதம். மாப்பிள்ளை வீட்டில் மூத்தவர் என்றால் வைகாசியை அவர்கள் யோசிப்பார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கு ஜ்யேஷ்டம். உங்கள் பக்கத்தில் அதே பேச்சு ஆனிக்கு எழும். வெயிலையும் சேர்த்துப் பார்த்தால் தையோ மாசியோதான் என் யோசனை.

கிழமைக்கு ஞாயிறு வசதி. காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் ராகு காலமும் எமகண்டமும் இல்லை. மாலை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். தை மாதத்தில் நம் பக்கம் சூரியன் ஆறே கால் வாக்கில் மறைவதால், அவர்கள் விரும்பும் கோதூளி நேரம், அதாவது பொழுது சாயும் அந்தி வேளை, ராகு காலம் கழிந்த பிறகே வரும். அவர்களும் பாரபேலா, காலபேலா என்று நேரம் தள்ளுபவர்கள்தான். அதனால் தேதியை நீங்கள் மட்டும் முடிவு செய்யாமல் இரண்டு மூன்று ஞாயிறுகளை எழுதி அனுப்பி, அவர்கள் புரோகிதர் பஞ்சிகா பார்த்து ஒன்றைச் சொல்லட்டும் என்று விடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

இப்போது நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. இரண்டு முழுக் கல்யாணங்களை அடுத்தடுத்து நடத்த வேண்டாம் என்றே சொல்வேன். செலவை நினைத்துச் சொல்லவில்லை. காலையில் தாரை வார்த்துக் கொடுத்த பெண்ணை மாலையில் இன்னொரு முறை எப்படித் தாரை வார்ப்பது? எந்தப் புரோகிதரும் இந்தக் கேள்வியைக் கேட்பார். கேட்காதவர் சுருக்கி ஒப்பேற்றிவிட்டுப் போவார். இரண்டு பக்கச் சடங்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ஒரே செயல் இரண்டு பெயரில் இருக்கிறது. நம் நலங்கு அவர்களுடைய காயே ஹொலுத். மாலை மாற்றுவது மாலா பதல், இரண்டிலும் மூன்று முறை. தாரை வார்ப்பது சம்ப்ரதானம். பெண்ணின் சகோதரன் கையில் நெற்பொரி போட்டு ஹோமத்தில் விடுவது அங்கே குசும்டிங்கே, அதே நெற்பொரிக்கு அவர்கள் வைத்த பெயர் கோய். ஏழடி எடுத்து வைக்கும் சப்தபதியும் இரண்டிலும் உண்டு. இவற்றை ஒரே ஒரு முறை, ஒரே முறைப்படி, முழுமையாகச் செய்யுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதை, அதாவது உங்கள் தாலி, மெட்டி, அம்மி, அருந்ததியையும் அவர்களுடைய சாத் பாக் (பெண்ணைத் தூக்கி மாப்பிள்ளையை ஏழு முறை சுற்றுவது), சுபதிருஷ்டி (முதல் பார்வை), சிந்தூர் தானம் (வகிட்டில் சிந்தூர் இடுவது) ஆகியவற்றையும் ஒன்றுவிடாமல் வையுங்கள். பாதிப் பாதியாகப் பங்கு பிரிப்பதைவிட இதுதான் இரண்டு வீட்டு மனதையும் காப்பாற்றும்.

ஹோம மந்திரங்களை இரண்டு புரோகிதரும் மாறி மாறிச் சொல்வது சரிவராது. இங்கே பெரும்பாலும் யஜுர்வேத ஆபஸ்தம்ப முறை. அங்கே குடும்பத்தைப் பொறுத்துச் சாமவேதமாகவும் இருக்கும். வரிசையே மாறும், நடுவில் இருவரும் ஒருவரை ஒருவர் நிறுத்துவார்கள், மணமேடையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் முழிப்பார்கள். காலை ஹோமம் உங்கள் வாத்தியாருடையது, மாலைச் சடங்கு அவர்கள் புரோகிதருடையது என்று பிரித்துவிடுங்கள். வங்காளப் புரோகிதருக்குக் கொல்கத்தாவிலிருந்து விமானச் சீட்டு போடுவதற்கு முன் சென்னை மேற்கு மாம்பலம் காளிபாரி கோயிலில் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, இரு தரப்பில் எவருடைய வழக்கப்படியும் சடங்கு செய்யலாம் என்கிறது. ஏழடி அந்தச் சடங்கில் ஒன்றாக இருந்தால் ஏழாவது அடியில் திருமணம் முழுமையாகிறது. ஆகவே காலையில் ஏழடியை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள், பந்திக்கு நேரமாச்சு என்று முதலில் வெட்டப்படுவது அதுதான். அங்கே சில வீடுகளில் ஏழு வெற்றிலை பரப்பி அதன்மேல் கால் வைத்து நடப்பார்கள். வெற்றிலையை மிதிப்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாங்கமாட்டார்கள். முதல் நாளே சொல்லி, பச்சரிசி மாவில் ஏழு வட்டம் போட்டுவிடுங்கள். அவர்கள் ஆல்போனா என்று போடுவதும் அரிசி மாவைக் கரைத்துத் துணியில் நனைத்து விரலால் இழுக்கும் நம் மாக்கோலமேதான். அவர்கள் வீட்டுப் பெண்களையே போடச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள். மூன்று மணி நேரம் முன்னால் போட்டால்தான் காய்ந்து வெள்ளையாகத் தெரியும்.

மாப்பிள்ளை அழைப்பன்று இரவே ரிசப்ஷன் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. உங்கள் கல்யாணத்தில் அதை வைக்காதீர்கள். சுபதிருஷ்டி என்பது, முகத்தை வெற்றிலையால் மறைத்து வரும் பெண் இலையை விலக்கி மாப்பிள்ளையை முதன்முதலாகப் பார்ப்பது. முதல் நாள் இரவு இரண்டு மணி நேரம் மேடையில் ஜோடியாக நின்று எல்லோருடனும் படம் எடுத்துக்கொண்டவர்கள் மறுநாள் காலை எதை முதன்முதலாகப் பார்ப்பார்கள்? ரிசப்ஷனை ஞாயிறு மாலை சிந்தூருக்குப் பிறகு ஏழரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு மாப்பிள்ளை அழைப்போடு நிற்கட்டும்.

அடுத்தது சம்பந்தி அம்மா. இதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டது புரிகிறது. நம் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா வராத கல்யாணத்தை ஊரே பேசும். அங்கே தாய் பிள்ளையின் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தால் பிள்ளைக்கு ஆகாது என்று தலைமுறை தலைமுறையாக நம்பிக்கை. அவர் வீட்டிலிருந்து ஆசீர்வாதம் செய்து அனுப்பி, மருமகளை வாசலில் வரவேற்கக் காத்திருப்பார். அது விலகி நிற்பது இல்லை, பிள்ளைக்காக அடக்கிக்கொள்வது. இப்போது பலர் வரவும் செய்கிறார்கள். நீங்கள் மகளை விட்டுக் கேட்காமல் நீங்களே போனில் பேசுங்கள். தஞ்சாவூர் வரட்டும், தாலி கட்டும் நேரத்தில் மட்டும் மண்டபத்து அறையில் இருக்கட்டும், மாலை ரிசப்ஷனில் உங்களோடு சேர்ந்து நிற்கட்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அந்த ஒரு மணி நேரமும் அவரோடு அறையில் துணையாக இருக்க உங்கள் தங்கையையோ ஓர்ப்படியையோ வைத்துவிடுங்கள். தனியாக உட்கார விடாதீர்கள்.

இதற்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது, பலர் மணமேடையில்தான் கண்டுபிடிக்கிறார்கள். அதே நம்பிக்கை பெண்ணின் தாய்க்கும் உண்டு. சம்ப்ரதானத்தைத் தகப்பனாரோ மாமாவோ செய்வார், அம்மா பக்கத்தில் இருக்கமாட்டார். நம் வழக்கத்திலோ அப்பா மகள் கையைப் பிடித்திருக்க, அம்மா செம்பிலிருந்து நீர் வார்த்தால்தான் தாரை. நீங்கள் எதை விடுவது என்று கேட்டிருந்தீர்கள். இதை விடாதீர்கள். உங்கள் கையால் நீர் விழாமல் உங்கள் மகளைக் கொடுக்காதீர்கள். அந்தப் பக்கத்து மூத்தவர் யாராவது மேடையில் "அம்மா தள்ளி இருக்கட்டும்" என்று சொல்லி நீங்கள் தயங்கி எழுந்துவிட்டால், அந்த வருத்தம் ஆயுசுக்கும் இருக்கும். தாரை எங்கள் முறைப்படி, அதில் நான் இருப்பேன் என்று முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

காலை வரிசையை இப்படி வைக்கலாம். ஏழு மணிக்கு மாப்பிள்ளையை வாசலில் வரவேற்பது. அவர்கள் முறத்தில் விளக்கும் நெல்லும் அறுகும் வைத்து எடுப்பார்கள், நாம் ஆரத்தி எடுப்போம். இரண்டையும் சேர்த்தே செய்துவிடலாம். ஏழரைக்குச் சாத் பாக், சுபதிருஷ்டி, மாலை மாற்றுவது. எட்டு மணிக்குப் பெண் கூறைப்புடவை மாற்றப் போகிறாள், அதற்கு அரை மணி நேரம் தாராளமாக விடுங்கள். பிறகு தாரை, ஒன்பதரை வாக்கில் தாலி. அதன்பின் ஹோமம், பொரி, ஏழடி, அம்மி, அருந்ததி. பதினொன்றே காலுக்குள் முடியும். தாலி நேரத்தை முதலில் நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சாத் பாக்குக்குச் சொன்ன பத்து நிமிடம் எப்போதும் இருபத்தைந்து ஆகும். அதை நான் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

சாத் பாக் அழகான சடங்கு, ஆனால் ஆபத்தும் உண்டு. பெண் பீரி என்கிற மரப்பலகையில் சம்மணமிட்டு உட்கார, சகோதரர்கள் அவளைத் தூக்கி, நிற்கும் மாப்பிள்ளையை ஏழு முறை சுற்றி வருவார்கள். அவள் இரண்டு கையாலும் வெற்றிலையை முகத்துக்கு நேரே பிடித்திருப்பாள், அதனால் அவளுக்குப் பிடிமானமே இருக்காது. பீரி என்பது நம் மணைதான், ஆனால் கல்யாணக் கடையில் வாங்கும் வண்ண மணை தூக்குவதற்குச் செய்ததில்லை. ஆணி அடித்த கால் பிய்ந்துகொள்ளும். ஆசாரியிடம் சொல்லி இரண்டடிக்கு இரண்டடி, ஒன்றேகால் அங்குல கனத்தில் ஒரே பலகையாக, விளிம்பை இழைத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாலிஷ் வேண்டாம், பட்டுப்புடவை வழுக்கும். மேலே ஒரு பருத்தித் துண்டை நான்காக மடித்துப் போட்டுப் பலகையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பலகையைத் தரையில் வைத்து உட்காரவைத்தால் தூக்கும்போது விரல் நசுங்கும். முழங்கால் உயர பெஞ்சின் மேல் வைத்து, பலகையின் நான்கு மூலையும் பெஞ்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பாருங்கள்.

ஆள் ஆறு பேர் வேண்டும். நான்கு பேர் மூலையைப் பிடிக்க, இரண்டு பேர் இரு பக்கமும் அவள் தோளையும் முதுகையும் அணைத்து நடக்க. உங்களுக்கு ஒரே பையன் என்றால் சித்தப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா பையன்களைக் கூப்பிடுங்கள். அத்தை பையனையும் மாமா பையனையும் கூப்பிடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாரும் 'கசின்'தான், வித்தியாசம் தெரியாது. நம் ஊரில் முறைமாப்பிள்ளை மணப்பெண்ணைத் தூக்கினான் என்று அன்று முழுக்கக் கேலி நடக்கும். இடத்துக்கு வாருங்கள். மண்டப மேடையில் இது நடக்காது, ஏறி இறங்கும் படி வேறு. மேடைக்கு முன்னால் முதல் இரண்டு வரிசை நாற்காலியை எடுத்துவிட்டுப் பதினாறடிக்குப் பதினாறடி வெற்றிடம் வையுங்கள். நடுவில் மாப்பிள்ளை நிற்க ஐந்தடி தள்ளிச் சுற்றினால் ஒரு சுற்று முப்பதடிக்கு மேல், ஏழு சுற்று இருநூறடியைத் தாண்டும். நாலைந்தாவது சுற்றில் கை தளரும், பையன்கள் விளையாட்டாக வேகத்தைக் கூட்டுவார்கள். விழுவது அப்போதுதான். ஒரு பெரியவரை எண்ணிக்கைக்கு நிறுத்தி, மெதுவாக நடக்கவைக்கச் சொல்லுங்கள். முதல் நாள் மாலை ஒரு மூட்டை அரிசியை வைத்து ஒத்திகை பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வெற்றிலை நம் பக்கத்துக் கொழுந்து வெற்றிலையாக இருந்தால் உள்ளங்கை அளவுதான் இருக்கும், முகம் மறையாது. கட்டிலிருந்து முற்றின பெரிய இலையாக நான்கு பொறுக்கி ஈரத்துணியில் வைத்திருங்கள், இரண்டு கைக்கு, இரண்டு மாற்றுக்கு. மாலையும் அப்படியே. கனத்த ரோஜா மாலையைப் பலகைமேல் உட்கார்ந்திருக்கும் பெண்ணால் தூக்கிப் போட முடியாது. அவர்கள் ரஜனிகந்தா என்பது நம் சம்பங்கி. இந்த மாலை மாற்றலுக்கு மட்டும் சம்பங்கியில் கட்டச் சொல்லுங்கள், தாலிக்கு ரோஜா மாலை போட்டுக்கொள்ளலாம். மாலை மாறும்போது அவர்கள் பெண்கள் உலுத்வனி எழுப்பிச் சங்கு ஊதுவார்கள். உங்கள் வீட்டுப் பாட்டிமாருக்குக் குலவை போட வருமென்றால் சேர்ந்துகொள்ளட்டும், இரண்டும் ஒரே ஒலிதான். நாதஸ்வரக்காரருக்கு ஒன்று சொல்லிவையுங்கள்: சங்குச் சத்தம் கேட்டதும் கெட்டிமேளம் கொட்டக்கூடாது. அது தாலிக்கு மட்டும். யாரோ ஒருவர் விரலை ஆட்டினால் வாசித்துவிடுவார்கள், ஆகவே சைகை காட்டுவது வாத்தியார் ஒருவர்தான் என்று முடிவு செய்துவிடுங்கள்.

தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார். மாப்பிள்ளையின் தங்கைக்கு இது புதிது. மஞ்சள் தடவிய கயிறு ஈரமாக இருந்தால் முடிச்சு வழுக்கி அவிழும், எனவே முதல் நாளே மஞ்சள் பூசி நிழலில் உலர்த்திவிடுங்கள். பெண்ணின் ஜடையும் பூவும் மாலையும் பின்கழுத்தை மறைக்கும். உங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி ஜடையைத் தூக்கிப் பிடிக்க நிற்கட்டும். வெறும் கயிற்றை வைத்து வீடியோ அழைப்பில் இரண்டு முறை மாப்பிள்ளையின் தங்கைக்குக் கட்டிக் காட்டினால் போதும். மாப்பிள்ளைக்கும் சேர்த்து.

தாலி கட்டியதும் நம் வழக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமம் வைப்பார். அன்று காலை நெற்றியிலும் தாலியிலும் மட்டும் வைக்கட்டும். வகிட்டை மாலைக்கு விடுங்கள். அவர்களுக்குத் தாலி எவ்வளவோ அவ்வளவு சிந்தூர் தானம். காலையிலேயே வகிட்டில் குங்குமம் ஏறிவிட்டால் மாலையில் நடப்பதை வெறும் நடிப்பாகத்தான் அவர்கள் பார்ப்பார்கள். ஹோமம் காலையில், சிந்தூர் மாலையில் என்று பிரிப்பதை அவர்கள் புரோகிதர் மறுத்தால் ஒன்றை நினைவூட்டலாம். வங்காளத்திலேயே சில குடும்பங்களில் இரவு கல்யாணம் முடித்து, மறுநாள் காலை பாசி பியே என்ற சடங்கில்தான் சிந்தூர் வைக்கிறார்கள். பிரித்துச் செய்வது அவர்கள் வழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஆறு மணிக்கு மேல் சிவப்புப் பனாரஸ் புடவையில் பெண் வந்து உட்காரட்டும். மோதிரத்தாலோ வெள்ளி நாணயத்தாலோ சிறிய பிரம்புப் படியாலோ மாப்பிள்ளை வகிட்டில் சிந்தூர் இழுப்பார், உடனே அவர்கள் கொண்டுவந்த புதுப் புடவையால் அவள் தலையை மூடுவார்கள். லஜ்ஜா பஸ்த்ரம் என்று பெயர். கைக்கு எட்டும் இடத்தில் அது பிரித்துத் தயாராக இருக்க வேண்டும். இங்கே தப்பு நடப்பது நெற்றிச்சுட்டியில். நம் அலங்காரக்காரர்கள் சுட்டியின் சங்கிலியை வகிட்டோடு ஊசி போட்டு இறுக்கிவிடுவார்கள், சிந்தூர் போக வழியே இருக்காது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஊசியைப் பிடுங்குவார்கள். மாலை அலங்காரத்தில் சுட்டியின் பின்முனை ஒரே ஒரு கொக்கியில் நிற்கட்டும், தோழி அதைக் கழற்றி ஒதுக்கிப் பிடித்தால் போதும். வகிடும் நேராக, நெற்றியிலிருந்து மூன்று அங்குலமாவது திறந்திருக்கட்டும். பொடி மூக்கின்மேல் உதிரும். அது நல்ல சகுனம் என்பார்கள், துடைக்க ஓடாதீர்கள். மடியில் ஒரு துணி விரித்துவிடுங்கள். புடவையில் விழுந்தால் உதறித்தான் எடுக்க வேண்டும், ஈரத்துணி பட்டால் கறை நின்றுவிடும். பழைய முறைச் சிந்தூரில் பாதரசமும் ஈயமும் கலப்பதுண்டு. மூலிகைச் சிந்தூர் வாங்கித் தரச் சொல்லி, இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.

அவர்கள் வீட்டுப் பெண்கள் கல்யாணத்தன்று விடியலிலேயே மகளுக்குச் சாகா, போலா போடுவார்கள். சாகா வெள்ளைச் சங்கு வளையல், போலா சிவப்பு வளையல். கல்யாணப் பெண் கையில் வெள்ளை வளையலா என்று உங்கள் பக்கத்தில் யாராவது முகம் சுளித்தால், வங்காளத்து வளையலுக்கு நெடுங்காலமாகச் சங்கு போவது நம் தூத்துக்குடி, இராமநாதபுரம் கடலிலிருந்துதான் என்று சொல்லுங்கள். சங்கு வளையல் நம் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. வளையல் அளவுதான் முக்கியம். சங்கு வளையாது, நெரித்து ஏற்றினால் உடையும், உடைவதை அவர்கள் அபசகுனமாக எடுத்துக்கொள்வார்கள். மகளுக்குச் சரியாக ஏறும் கண்ணாடி வளையல் ஒன்றை முன்கூட்டியே அனுப்பி, அதைவிட அரைச் சுற்று தளர்வாக அறுக்கச் சொல்லுங்கள்.

நலங்கையும் காயே ஹொலுத்தையும் சனிக்கிழமை பிற்பகலில் சேர்த்துவிடலாம். அவர்கள் வழக்கம், மாப்பிள்ளைக்குப் பூசிய மஞ்சளில் மீதியைப் பெண்ணுக்கு அனுப்புவது. இருநூறு கிராம் பச்சை மஞ்சளை இடித்து இரண்டு கரண்டிக் கடுகெண்ணெய் விட்டுக் குழைத்தால் இரண்டு பேருக்கும் போதும். கடுகெண்ணெய் பழக்கமில்லாத தோலில் எரியும், மகளுக்குக் கையிலும் காலிலும் அதைப் பூசி முகத்துக்கு மட்டும் உங்கள் நலங்கு மாவைப் போடுங்கள்.

அந்த மஞ்சளோடு வரும் சீருக்கு அவர்கள் வைத்த பெயர் தத்வ. அதில் அந்த மீன் இருக்கும். நல்ல கனமான ரோகு மீன், சிந்தூர் வைத்து, சில வீடுகளில் புடவை சுற்றி மணப்பெண் போல அலங்கரித்து வரும். அவர்களுக்கு அது வளம், பிள்ளைப்பேறு. நீங்களும் வீட்டில் மீன் சாப்பிடுபவர்களாகவே இருக்கலாம், ஆனால் கல்யாணப் பந்தலுக்குள் என்பது வேறு விஷயம். போதாததற்குப் பல மண்டபங்களில் அசைவம் உள்ளே வரக்கூடாது, மீறினால் முன்பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருப்பார்கள். அதை இப்போதே எடுத்துப் படியுங்கள். உண்மையான மீன் அவர்கள் தங்கும் விடுதிக்கோ உங்கள் வீட்டுக்கோ வரட்டும். மண்டபத்துத் தட்டில் சந்தேஷ் இனிப்பில் மீன் வடிவம் வைக்கலாம், கொல்கத்தாக் கடைகளில் அதற்கென்றே அச்சு உண்டு. மீன் சாப்பாடு சனி இரவு விடுதியில், அவர்கள் சமையல்காரர் கையால். நம் கல்யாணச் சமையல்காரரிடம் கடுகு அரைத்த மீன் கேட்காதீர்கள், அவருக்கும் கஷ்டம், சாப்பிடுபவர்களுக்கும் கஷ்டம். ஞாயிறு மூன்று வேளையும் மண்டபத்தில் சைவம்.

உபவாசத்தை மறக்க வேண்டாம். அவர்கள் பிள்ளை விடியலில் தயிரும் அவலும் சாப்பிட்டால் சிந்தூர் முடியும்வரை சோறு தொடமாட்டார். நாமோ தாலி கட்டியதும் இலையில் உட்காரவைத்து ஊட்டிவிட நிற்போம். பெரும்பாலான வீடுகளில் பழம், பால், இனிப்பு, இளநீருக்குத் தடையில்லை. புரோகிதரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, மதியப் பந்தியில் இரண்டு பேருக்கும் பழமும் பாயசமும் மட்டும் வையுங்கள், பந்தி விசாரிக்கும் மாமாவிடமும் சொல்லிவையுங்கள். இரண்டிலிருந்து நாலு மணிவரை அறைக் கதவைச் சாத்தி அவர்களைத் தூங்க விடுங்கள்.

இனி இரவு. உங்கள் பக்கத்தில் அன்றிரவே சாந்தி முகூர்த்தம் குறிப்பீர்கள். அவர்கள் கணக்கில் கல்யாண இரவு பாசர், தோழர்களோடு விழித்திருந்து பாட்டும் பேச்சுமாகப் போகும். மறுநாள் பெண் புகுந்த வீடு போய்ச் சேரும் இரவு காலராத்திரி, அன்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது. கல்யாண இரவில் பாம்பு கடித்து இறந்த லக்கிந்தர், அவனை மீட்ட பேகுலாவின் கதையிலிருந்து வந்த அச்சம் அது. மூன்றாம் நாள் பௌ பாத். மருமகள் தன் கையால் சோறும் நெய்யும் பரிமாறி, அன்றிரவுதான் பூல் ஷொஜ்ஜா என்ற மலர்ப் படுக்கை. சாந்தி முகூர்த்தத்தை உங்கள் சோதிடரிடம் அந்த மூன்றாம் நாளுக்கே குறித்து வாங்குங்கள். தஞ்சாவூரில் அறையை அலங்கரித்துவிட்டு, மாப்பிள்ளை நண்பர்களோடு விடியவிடியப் பேசிக்கொண்டிருக்கிறாரே என்று நீங்கள் கலங்க வேண்டாம்.

திங்கட்கிழமை வழியனுப்பும்போது ஒரு சடங்கு வரும், கனகாஞ்சலி. மகள் வாசலுக்கு முதுகு காட்டாமல் முன்னே நடந்தபடி ஒரு பிடி அரிசியைத் தலைக்குப் பின்னால் எறிய, நீங்கள் முந்தானையில் ஏந்த வேண்டும். எறியும்போது "உங்கள் கடனையெல்லாம் அடைத்துவிட்டேன்" என்று சொல்லச் சொல்வார்கள். மாப்பிள்ளையும் கிளம்பும்போது தன் அம்மாவிடம் "உனக்கு ஒரு தாசியை அழைத்து வரப்போகிறேன்" என்று சொல்லும் வழக்கம் உண்டு, அங்கே தாசி என்றால் பணிப்பெண். இந்த இரண்டு வாக்கியமும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வங்காளத்திலேயே இப்போது பல பெண்கள் சொல்ல மறுக்கிறார்கள். அரிசியை எறியட்டும், நீங்கள் ஏந்திக்கொள்ளுங்கள், வார்த்தை இல்லாமல். மகளையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்து இதை ஒரு மாதம் முன்பே பேசிவிடுங்கள். அழுகையோடு அழுகையாக வாசலில் தீர்மானிக்கிற விஷயம் இல்லை இது.

மாப்பிள்ளை வைக்கும் வெள்ளைக் கூம்புத் தொப்பி, டோபோர், வழக்கப்படி பெண் வீடு கொடுப்பது. கேட்டுக்கொண்டு வாங்குங்கள். அது சோலா என்கிற தண்டில் செய்வது, உங்கள் ஊர் நெட்டி வேலையும் அதே இனச் செடிதான். ஆனாலும் கொல்கத்தாவிலேயே வாங்கி, அட்டைப் பெட்டியில் வைத்து விமானத்தில் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். சரக்கில் போட்டால் நசுங்கும், நெட்டி நசுங்கினால் எழும்பாது. பதிவை மறக்காதீர்கள். தமிழ்நாட்டுச் சட்டப்படி கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாலியும் ஏழடியும் தெரியும் படங்களும் அழைப்பிதழும் எடுத்து வையுங்கள். பிள்ளைகள் பௌ பாத் முடிந்து வேலைக்குத் திரும்பும் வழியில் தஞ்சாவூர் வந்து கையெழுத்துப் போடும்படி இப்போதே விடுப்புக் கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு தாள். காலையில் உங்கள் வாத்தியாரும் மாலையில் அவர்கள் புரோகிதரும் இரண்டு பக்கத்துக்கும் கோத்திரமும் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயரும் கேட்பார்கள். உங்களுக்குக் கோத்திரம் சொல்லும் வழக்கம் இல்லையென்றால் சிவகோத்திரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கொள்ளுத்தாத்தா பெயர் மேடையில் யாருக்கும் ஞாபகம் வராது. ஒரு பிரதி தமிழில், ஒரு பிரதி வங்காளத்தில் எழுதி இரண்டு பேரிடமும் சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள்.